கடன்பெற்ற சிவப்பு

வன்னியிலே எங்கள் வளவுத் தேசிமரத்தில் முட்டையிட வருவது ‘பப்பிலியோ பொலிற்றஸ்’ என்னும் கரிய வண்ணத்துப்பூச்சி. ஆணின் பின்சிறகில் வெண்புள்ளி வரிசை மட்டுமே உண்டு. பெண்களுட் சிலவோ செம்புள்ளி பூண்டு, ‘ஹெக்டர்’ என்னும் வேறோர் இனத்தின் கோலத்தில் உலவுகின்றன. புழுப்பருவத்தில் ஈசுரமூலிக் கொடியைத் தின்று வளர்வதால் ஹெக்டர் நஞ்சுடையது. அதன் சிவப்பை அறிந்த பறவைகள் விலகிச் செல்லும். நஞ்சற்ற பொலிற்றஸ் அவ்வச்சத்தின் நிழலில் உயிர்வாழ்கின்றது. ஆயினும் ஹெக்டரின் உடற்சிவப்பு அதற்கு வாய்க்கவில்லை. இக்கோலத்தை ஆள்வது ‘டபிள்செக்ஸ்’ என்னும் ஒரே மரபணு என 2014இல் ஆய்வாளர் காட்டினர்.

கலைப்பீட மாணவனாகிய என்னை வருத்துவது பிறிதொன்று. காணி துப்புரவாக்குவோர் தேசியை விட்டுவிட்டு, பற்றையோடு ஈசுரமூலியை வெட்டிவிடுகின்றனர். எங்கள் வேலியிலும் இப்போது அக்கொடி இல்லை. மூலம் அழிந்தபின் பறவைக்குச் சிவப்பின் பொருளைக் கற்பிப்பது யார்? வேலியோரத்தில் ஒரு கொடியையேனும் விட்டுவைப்போமாக.