வீட்டோடு மலையேறிய வண்டி

நத்தையைப் பரிகசிக்கிற நேயர்கள் ஒரு தடவை ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்குப் போய், பழைய வோக்ஸ்வாகன் வீட்டு வண்டியில் பிரயாணம் செய்து பார்க்க வேண்டும். வீட்டைச் சுமந்துகொண்டு மெள்ள மெள்ள ஊர்வதில் உள்ள சுகம் அப்போது தெரியும்.

1947-ல் பென் பான் என்ற டச்சு வியாபாரி கிறுக்கி வைத்த ஒரு பெட்டிச் சித்திரந்தான் இவ்வண்டிக்கு மூலம். 1950-ல் ஜெர்மனியில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. மறு வருஷமே வெஸ்ட்பாலியா கம்பெனியார் அதனுள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் குடித்தனத்துக்கு லாயக்காக்கி விட்டார்கள். எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது. காற்றினாலேயே குளிர்வதால் தண்ணீர் ஊற்றும் தொல்லை இல்லை. ஆதி வண்டிகளின் பலம் 25 குதிரை. அவசரப்படும் ஜாதிக் குதிரைகள் அல்ல!

என்னை அழைத்துச் சென்ற தம்பதிகளிடம் முன்னொரு காலத்தில் இத்தகைய வண்டி இருந்தது. ஒரு பக்கம் துரு அரித்தது; மறுபக்கம் வீட்டுக் கடன் அரித்தது. விற்றுவிட்டார்கள். அவர்களுடைய ஒரே பெண் வளர்ந்து, மணமாகி, கனடாவுக்குப் போன பிறகு, 1975-ஆம் வருஷத்து வண்டி ஒன்றைத் தேடி வாங்கினார்கள். நாற்பது வயது கடந்த வண்டிக்கு அந்நாட்டில் சாலை வரி கிடையாதென்று கணவர் அதற்கு நியாயம் சொன்னார். வரியில் மிஞ்சியதைப்போல் பல மடங்கு மெக்கானிக்குக்குப் போகிறது என்று அம்மாள் சிரித்தார்.

ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்குப் போகும் மலைப் பாதைக்கு 'பியலாக் நா பா' என்று பெயர். கேலிக் மொழியில் 'மாடுகளின் கணவாய்' என்று அர்த்தம். 1822-ல் போட்ட சாலை, கடலோரத்திலிருந்து 626 மீட்டர் உயரம் ஏறுகிறது. அகலமோ ஒரு வண்டிக்குத்தான். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் இவ்வழியே வர வேண்டாமென்று அடிவாரத்திலேயே பலகை எச்சரிக்கிறது. முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறினோம். ஒதுங்கும் இடங்களில் நின்று, பின்னால் பொறுமை இழந்து வந்த புதிய கார்களுக்கெல்லாம் வழிவிட்டோம். "இந்த வளைவில்தான் எங்கள் பெண் பின்னாலிருந்து, 'ஏறு, ஏறு!' என்று வண்டிக்குத் தைரியம் சொல்லுவாள்" என்றார் அம்மாள். அதற்குப் பின் உச்சி வரும்வரை யாரும் பேசவில்லை. உச்சியில் மேகம் விலகியது. கடலுக்கப்பால் ஸ்கை தீவின் மலைகள் நீலமாய் நின்றன.

நடந்து வருகிறவன் கூடாரம் அடித்துக்கொள்ள 2003-ஆம் வருஷத்துச் சட்டம் தாராளமாக உரிமை தருகிறது. மோட்டாரில் வருகிறவனுக்கு அது இல்லை. ஆகவே கிராமத்தின் முகாம் மைதானத்துக்கு இறங்கினோம். கூரையைத் தூக்கி நிறுத்தியதும் மேலே ஒரு சிறு படுக்கை உண்டாயிற்று. முந்திய வண்டியில் அது யாருடைய இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாள் அங்கே எனக்குப் போர்வை விரித்து, அதை இரண்டு தரம் சரிசெய்து, தலை இடிக்கும் சட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

இராமுழுதும் மழை. விடிந்ததும் கீழே கெட்டில் கூவிற்று. கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்று எங்கே பிரயாணம்?" என்று கேட்டேன்.

"முதலில் இது கிளம்பட்டும்" என்றார்.