ஒழுகுற இடம்

பைக்கில ஒயில் ஒழுகுறத முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, அம்மா.

அன்னைக்கு அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில கிளினிக். விடிய முன்னாடியே ஏத்திக்கிட்டு ஸ்பிரிங்வெளியில இருந்து இறங்கினேன். டவுனுக்கு வந்து வண்டிய நிப்பாட்டினதும் அம்மா சேலை ஓரத்தத் தூக்கிப் பார்த்தாங்க. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பா ஒரு திட்டு. கிளினிக்குக்குன்னு தனியா மடிச்சு வச்சிருக்கிற சேலை அது. ஏசுவாங்கன்னு நெனச்சேன். ஏசல. "லயத்துக் கூரையும் ஒழுகுது, ஒன் வண்டியும் ஒழுகுது"ன்னு சொல்லிட்டு நம்பர் எடுக்கப் போயிட்டாங்க.

எனக்குச் சுருக்குன்னு குத்தினது சேலைக்காக மட்டும் இல்ல. அந்த ஒயில் ஒழுகுற இன்ஜினுக்குக் காசு கொடுத்ததும் அம்மாதான்.

கதை 2024 தொடக்கத்துல ஆரம்பிக்குது. எங்ககிட்ட இருந்தது பழைய பல்சர் 150. பதுளை டவுன் கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 680 மீட்டர். தலைக்கு மேல நமுனுகுல 2000 மீட்டரத் தாண்டி நிக்குது. எங்க லயம் ரெண்டுக்கும் நடுவுல. அதனால எங்க ஊர்ல பைக்குக்கு ரெண்டே வேலைதான். காலையில பிரேக் பிடிச்சு இறங்குறது, பின்னேரம் முக்கி முக்கி ஏறுறது. பின்னால தங்கச்சி, நடுவுல அரிசி மூட்டைன்னு ஏறும்போது வண்டி முதலாம் கியருக்கு வந்து அழும். பெரிய இன்ஜின் பைக் ஒண்ணு வாங்கலாம்னா 2020 மார்ச்சோட வாகன இறக்குமதிய நிப்பாட்டிட்டாங்க. 2025 பெப்ரவரி வரைக்கும் புதுசு வரல. உள்ளூர்ல இருந்த பழைய பைக்குக்கெல்லாம் தங்கத்துக்குச் சொல்ற மாதிரி விலை சொன்னாங்க.

அப்பதான் 'போர்' பண்ணுற யோசனை வந்துச்சு. கணக்கு காகிதத்துல ரொம்ப அழகா இருந்துச்சு. 150ல பிஸ்டன் விட்டம் 58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 56.4. அதே வரிசையில வர்ற 180க்கு ஸ்ட்ரோக் அதே 56.4, பிஸ்டன் மட்டும் 63.5. கிரேங்க்க மாத்தாம சிலிண்டரையும் பிஸ்டனையும் பெருசாக்கினா 149 சீசீ 178.6 சீசீ ஆகிடும். பழைய புளொக், பிஸ்டன், லேத் கூலின்னு எல்லாம் சேர்த்து 32,000 ரூபா. அப்போ தோட்டத்துல ஒரு பேருக்கு 1000 ரூபா. அதாவது அம்மாவோட 32 பேர். ஒரு மாசத்துக்கு மேல ஒரு நாளும் விடாம மலைக்குப் போய், அரைப்பேர் விழாம கொழுந்து பறிச்சாத்தான் அந்தக் காசு. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தாங்க. "ஏத்தத்துல நிக்காமப் போனா சரி"ன்னாங்க.

நின்னு போகல. அதச் சொல்லியே ஆகணும். மொத நாள் ஏறினப்போ மூணாம் கியர்லயே வளைவு வளைவா ஏறிச்சு. தங்கச்சி பின்னால இருந்து கத்துறா. எனக்கு ராஜா மாதிரி இருந்துச்சு. ரெண்டு கிழமைதான்.

முதல் ஒழுகல் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவுல வந்துச்சு. ஏத்தத்துல 'டிக் டிக்'னு காத்து அடிக்கிற சத்தம், அப்புறம் இழுவை குறைஞ்சு போச்சு. சவர்க்காரத் தண்ணிய அந்த இடுக்குல தடவி, கிக்கர மெதுவா மிதிச்சுப் பார்த்தேன். நுரை முட்டை முட்டையா வந்துச்சு. ஹெட் கேஸ்கட் போயிருச்சு.

கழட்டினப்போ என் முட்டாள்தனம் கண்ணுக்கு முன்னாடி கிடந்துச்சு. சிலிண்டர் வாய் 63.5. நான் போட்டிருந்தது 150ஓட கேஸ்கட். அதோட ஓட்டை சின்னது. சுத்தி ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல உள்ள நீட்டிக்கிட்டு நெருப்புல நேராக் காய்ஞ்சு கருகியிருந்துச்சு. கடைக்காரர் கொடுத்ததத்தானே போட்டேன்னு யார் மேலயாவது சாட்டலாம்னு பார்த்தேன். ஆனா கடையில 150 கேஸ்கட்டுன்னு கேட்டு வாங்கினது நான்தான்.

டவுன்ல லேத் வச்சிருக்கிற ஒரு வயசான பாஸ்கிட்ட ஹெட்டக் கொண்டு போனேன். அவர் ஹெட்டத் திருப்பி, ஒரு இரும்பு ரூலர விளிம்பால நிறுத்தி, அடியில ஃபீலர் கேஜ விட்டுப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு நடுவுல தாராளமா நுழைஞ்சுச்சு. "மல்லி, இது ஹெட் இல்ல, தோணி"ன்னார். சூட்டுல ஹெட் வளைஞ்சிருந்துச்சு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "பிஸ்டனப் பெருசாக்கினியே, நெருப்பு எரியிற குழியப் பெருசாக்கினியா?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 149 சீசீக்குக் கம்ப்ரெஷன் 9.5க்கு 1ன்னா, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல மிஞ்சுற இடம் 17.5 சீசீ. அதே இடத்துக்குள்ள 178.6 சீசீயத் திணிச்சா 11.2க்கு 1 ஆகுது. பழைய நிலைக்குக் கொண்டு வரணும்னா மேல 21 சீசீ வேணும். இன்னொரு கணக்கும் இருக்கு. எரியும்போது உள்ள வர்ற அழுத்தம் ஒரு பேச்சுக்கு 50 பார்னு வச்சுக்குவோம். 58 பிஸ்டன் மேல அது ஹெட்டத் தூக்குற விசை சுமார் 1350 கிலோ. 63.5ல சுமார் 1600 கிலோ. 6000 ஆர்பிஎம்ல ஓடினா நிமிசத்துக்கு 3000 தடவை அந்த அடி விழுகுது. தாங்கிப் பிடிக்கிறது அதே பழைய ஸ்டட்டுகள். கம்ப்ரெஷனும் கூடிட்டா அழுத்தமே 50ல நிக்காது. நாங்க சக்தியக் கூட்டினோம். பிடிப்பக் கூட்டல.

பாஸ் குழியக் கடைஞ்சு பெருசாக்கித் தந்தார். ஹெட்ட நானே மட்டப்படுத்தினேன். தடிப்பான கண்ணாடித் தகட்டுல 400 நம்பர் தண்ணிக் காகிதத்த ஒட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஹெட்டக் கவுத்து வச்சு எட்டு போடுற மாதிரி இழுக்கணும். கை வலிக்கும், ஆனா அமுக்கக் கூடாது. முகம் முழுக்க ஒரே மாதிரிச் சாம்பல் நிறமா வர்ற வரைக்கும் இழுக்கணும். 63.5க்குரிய கேஸ்கட்டப் போட்டு, டோர்க் ரென்ச் ஒண்ண இரவல் வாங்கி, மெனுவல்ல இருக்கிற அளவுக்கு மூணு தடவையில, குறுக்கும் மறுக்குமா இறுக்கினேன். ஒரு பக்கத்த முழுசா இறுக்கிட்டு மத்தப் பக்கத்துக்குப் போனா ஹெட் சாஞ்சுதான் உக்காரும். கடைசியா ஸ்பார்க் ப்ளக் ஓட்டை வழியா சிரிஞ்சால ஒயில் ஊத்தி அளந்தேன். 21க்குக் கிட்ட வந்துச்சு. காத்துச் சத்தம் நின்னுச்சு.

அதுக்கப்புறம் வந்ததுதான் அம்மா சேலையில பட்ட ஒயில். இது கீழ, புளொக்கும் கிரேங்க் கேஸும் சேர்ற இடத்துல இருந்து வந்துச்சு. கழட்டிப் பார்த்தா காரணம் ஒண்ணு தெரிஞ்சுச்சு. பெரிய சிலீவ் இறங்கணும்னு கிரேங்க் கேஸ் வாயக் கடைஞ்சிருந்தோம். அதனால கேஸ்கட் உக்கார்ற விளிம்பு சில இடத்துல ரொம்ப ஒடுங்கிப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து சிலிக்கன். ரெண்டு பக்கமும் கேக்குக்கு ஐசிங் பூசுற மாதிரிப் பூசி மூடினேன்.

பத்து நாள் நின்னுச்சு. பதினோராம் நாள் மழை. மூணாவது வளைவுல பின் சில்லு லேசா வழுக்கிச்சு. பின்னால தங்கச்சி, முதுகுல அவ ஏஎல் புத்தகப் பை. கால ஊன்றி எப்படியோ நிமித்திட்டேன். இறங்கிப் பார்த்தா சில்லுல ஒயில். பதுளை விளக்கெல்லாம் கீழ மினுக்குது. தங்கச்சி ஒண்ணும் பேசல. மிச்சத் தூரம் வண்டியத் தள்ளிக்கிட்டுத்தான் போனோம். அன்னைக்கு ராத்திரி பிஸ்டன வித்துட்டுப் பழைய 150ஆவே மாத்திடலாம்னு முடிவெடுத்தேன். பழைய புளொக்க யாருக்கோ கொடுத்துட்டேன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

மறுநாள் ஞாயிறு. அப்பா கூரை மேல தார் பூசிக்கிட்டிருந்தார். லயத்துத் தகரம் எவ்வளவு பழசுன்னு லயத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். நான் கீழ நின்னு, சட்டி வச்சிருக்கிற இடத்துக்கு நேர் மேல கையக் காட்டி "அங்கதான் ஒழுகுது"ன்னேன். அப்பா அங்க பூசல. ஆறடி தள்ளி, முகட்டுக்குப் பக்கத்துல பூசினார். "தம்பி, ஒழுகுற எடம் வேற, தண்ணி வர்ற எடம் வேற. சட்டி இருக்கிற எடத்துல தார் பூசினா சட்டிதான் நெறையும்."

அப்பாவுக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஆனா நான் மூணு மாசமா சட்டி இருக்கிற இடத்துலதான் தார் பூசிக்கிட்டிருந்தேன்னு அந்த நிமிசம் விளங்கிச்சு.

இன்ஜின மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காய வச்சு, தங்கச்சியோட முகப் பவுடர எடுத்து எல்லா இடுக்குலயும் தூவினேன். ஒரு ஏத்தம் மட்டும் ஏறிட்டுத் திரும்பினேன். வெள்ளைப் பவுடர்ல ஒயில் வந்த பாதை கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுச்சு. கீழ் கேஸ்கட்ல மட்டும் இல்ல. டைமிங் செயின் டென்ஷனர் ஓரத்துலயும், மேல் மூடி ஓரத்துலயும் கசிவு. ஒரு கேஸ்கட் போனா ஒரு இடத்துல ஒழுகும். எல்லா இடத்துலயும் ஒண்ணா ஒழுகுனா உள்ள இருந்து எதுவோ தள்ளுதுன்னு அர்த்தம்.

பிரீதர் பைப்பப் பார்த்தேன். பிஸ்டன் கீழ வரும்போது அதுக்கு அடியில இருக்கிற காத்தும் தள்ளப்படுது. முன்ன ஒரு இறக்கத்துக்கு 149 சீசீ காத்து, இப்ப 178. அது வெளிய போற ஒரே வழி அந்தச் சின்ன ரப்பர் பைப். முதல் தடவை பூட்டினப்போ ஏர் பில்டர் பெட்டிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல அது மாட்டி, மடிஞ்சு, நசுங்கிப் போயிருந்துச்சு. போக வழியில்லாத காத்து, எந்த விளிம்பு பலவீனமோ அது வழியா ஒயிலையும் தள்ளிக்கிட்டு வந்திருக்கு. கேஸ்கட் கெட்டுப்போகல. தாங்குற வரைக்கும் தாங்கிட்டு வழி விட்டிருக்கு, அவ்வளவுதான்.

புது பைப் சில நூறு ரூபா. ஆனாலும் இன்ஜின இன்னொரு தடவை திறந்தேன். பூசின சிலிக்கன் கட்டி கட்டியா உள்ளயும் பிதுங்கியிருந்துச்சு. அதுல ஒரு துண்டு கழண்டு ஒயில் போற வழிய அடைச்சிருந்தா மொத்த இன்ஜினும் சிக்கியிருக்கும். பழையதெல்லாம் பிளேடு படாம, மரச் சீவலால சுரண்டி எடுத்தேன். அலுமினியத்துல ஒரு கீறல் விழுந்தா அதுவே அடுத்த ஒழுகலுக்கு வாய்க்கால். ஒடுங்கின விளிம்புக்குப் பொருந்துற மாதிரி நல்ல கேஸ்கட் தாள்ல வெட்டி, சிலிக்கன் இல்லாம, காய்ஞ்ச முகத்துல வச்சு இறுக்கினேன். கார்புரேட்டர்ல மெயின் ஜெட்டயும் ஒரு நம்பர் கூட்டினேன். பெரிய சிலிண்டருக்குப் பழைய ஜெட் பத்தலன்னா கலவை மெலிஞ்சு சூடு ஏறும். சூடு ஏறினா ஹெட் திரும்பவும் தோணியாகும்.

அதுக்கப்புறம் ஒழுகல. இதப் படிச்சிட்டு யாராவது "அப்ப நானும் போர் பண்ணவா?"ன்னு கேட்டா, பண்ணாதன்னு சொல்ல மாட்டேன். பிஸ்டனுக்கு மட்டும் கணக்குப் போடாத. ஹெட், ஸ்டட், ஜெட், பிரீதர், பிரேக், எல்லாத்துக்கும் போடு. வண்டிப் புத்தகத்துல இருக்கிற சீசீயும் இன்ஜின்ல இருக்கிற சீசீயும் வேற வேறயா இருக்கிறது பொலீஸ் மறிச்சாலும் இன்சூரன்ஸ்காரர் வந்தாலும் வம்பு. அதையும் கணக்குல சேர்த்துக்க. சேர்த்துப் பார்த்தா என்னோட 32 பேர் கடைசியில 50 பேருக்குக் கிட்ட வந்துச்சு. அம்மாகிட்ட இன்னும் அந்தக் கணக்கச் சொல்லல.

சரி பண்ணி நாலஞ்சு நாள் கழிச்சு, காலையில மலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்ல நின்னாங்க. வண்டி நிக்கிற சீமெந்துல வழக்கமா இருக்கிற கறுப்புத் திட்டு இல்ல. குனிஞ்சு பார்த்தாங்க. கால் விரலால தேய்ச்சும் பார்த்தாங்க.

"என்னடா, இன்னைக்கு ஒழுகல? ஒயில் தீந்து போச்சா?"

சிரிச்சேன். அம்மா போன பிறகு எதுக்கும் ஒரு தடவை ஒயில் அளவத் திறந்து பார்த்தேன். இருக்க வேண்டிய அளவுக்கு இருந்துச்சு.