சாயும் சக்கரத்தைப் பிடிக்காதே!

மேனாம்பேட்டில் வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. ஆனால் டிராக்டர் போகவில்லை. தண்ணீர் டேங்கர் இழுக்கிறது, கட்டட இடிபாடுகளை அள்ளுகிறது. டன்லப் டயர் ஆலை இருந்த அம்பத்தூரின் பகுதி இது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

இங்கே ஒரு பஞ்சர் கடையில் வேலை பழகும் பையனிடம், அறுபதைத் தாண்டிய மேஸ்திரி முதலில் ஸ்பானரைத் தரவில்லை. பின்சக்கரத்தைத் தட்டச் சொன்னார்.

"மேல தட்டு, கீழ தட்டு. சத்தம் வேற வேறயா கேக்குதா?"

கேட்டது. வால்வு கீழே வரும்படி வண்டியை நகர்த்தி, உள்ளிருக்கும் ஊசியை லேசாக அழுத்தினார். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீச்சியது.

"ஊர்ல உழுத வண்டிடா. வாங்குனவருக்கே தெரியாது."

உழும்போது சக்கரம் வழுக்காமலிருக்க டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது உண்டு. 13.6-28 அளவுச் சக்கரம் ரிம்மோடு 100 கிலோவைத் தாண்டும். தண்ணீரும் சேர்ந்தால் 200-ஐத் தாண்டும்.

தண்ணீரை வடித்த பிறகே வேலை தொடங்கியது. கெட்டியான சமதரை. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் வண்டியை நிறுத்தாது, கட்டைதான் நிறுத்தும். முன் அச்சு நடுவில் ஆடும் என்பதால் அங்கும் இருபக்கம் ஆப்பு. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தினார். தூக்கிய பிறகு பலம் போட்டால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி தூக்க மட்டும். தாங்க, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனமான மரக்கட்டை. செங்கல், ஹாலோ பிளாக் கூடாது, சொல்லாமல் நொறுங்கும்.

"அண்ணே, நாலு லோடு நிக்குது, சீக்கிரம்" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார்.

கடைசி நட்டு வந்தது. உருட்டும்போது சக்கரம் ஒரு சிறு கல்லில் ஏறி வெளிப்பக்கம் சாய்ந்தது. பையனின் இரண்டு கைகளும் தானாக நீண்டன.

"விடுடா! தள்ளிப் போ!"

விட்டான். தரை அதிர விழுந்தது. மேஸ்திரி அவனைச் சக்கரத்தின் முகத்துக்கு எதிரே நிற்கவிடாமல், ஓரமாக நிறுத்தியிருந்ததால் விலக இடமிருந்தது.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. இளவயதில் இப்படிச் சாய்ந்த சக்கரத்தைப் பிடித்த கை அது. அதைப் பையனிடம் அன்றுதான் சொன்னார்.

செயின் பிளாக் கட்டிச் சக்கரத்தை நிமிர்த்த அரை மணி நேரம் ஆனது. வண்டிக்காரருக்கு ஒரு லோடு போனது. பையன் சாயங்காலம் வழக்கம்போல சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனான்.