வாயில் காத்த வீரம்

தீயின் ஒளி அது எரியும் இடத்தைக் காட்டும். புகையோ அனைத்தையும் மறைத்துவிடும். புகை நிறைந்த கட்டடத்துள் புகும் தீயணைப்பு வீரர்க்குத் தம் கையும் கண்ணுக்குப் புலப்படாது. முதுகிலே சுமந்து செல்லும் காற்றுக்கலமே அவர்தம் உயிர்த்துணை. கடுமையாக உழைக்குந்தோறும் அதிலுள்ள காற்று விரைந்து குறையும். ஆதலின், மீண்டு வருவதற்கு வேண்டிய காற்றையும் கணக்கிட்டே அவர் முன்னேறுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1906ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற குளிர்பதனக் கிடங்கு ஒன்று, பல ஆண்டுகளாகப் பயனற்றுக் கிடந்தது. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மாலை அதில் தீப்பற்றியது. உள்ளிருக்கும் குளிர் வெளியேறாதவாறு அமைத்த கட்டடம் ஆதலின், அதிற் சாளரங்கள் மிகச் சில. சுவர்களில் பதித்திருந்த தக்கை முதலிய பொருள்கள் எரிந்து கரும்புகையைக் கக்கின. அப்புகை, வெளியேற வழியின்றி உள்ளேயே திரண்டது.

வீடற்றோர் இருவர் அங்கே தங்குவதுண்டு என்ற செய்தி கிடைத்தது. உயிர் ஒன்று உள்ளே தவிக்கக்கூடும் என்றால், வீரர் வாளா நிற்பரோ? அவர்கள் உட்புகுந்து தேடினர். அவருள் இருவர் வழி தவறினர். காற்றுக் குறைந்துவருவதை வானொலிக் கருவி வாயிலாக அறிவித்தனர். அவர்களை மீட்கச் சென்றோருள் நால்வரும் திரும்பவில்லை. தேடப்பட்ட இருவரோ முன்னரே வெளியேறியிருந்தனர் என்பது பின்னரே தெரிந்தது.

அப்பொழுதும் ஏனைய வீரர்கள், தோழரை மீட்க உள்ளே செல்லத் துடித்தனர். அவர்தம் தலைவர்களுள் ஒருவரான மைக் மெக்னமி மாடிப்படி வாயிலை மறித்து நின்றார். இனி ஒருவரும் செல்லலாகாது எனத் தடுத்தார். உள்ளே இருந்தவர்கள் அவருடன் பணிபுரிந்தவர்கள். வெளியே நின்றவர்கள் அவரை நம்பி நின்றவர்கள். அறுவரை இழந்த துயரம் நெஞ்சை அறுக்க, எஞ்சியோரைக் காக்கும் கடமையை அவர் மேற்கொண்டார்.

மறைந்த அறுவரின் செயலை வீண் என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. பிறர் உயிரைக் காக்கலாம் என்ற நம்பிக்கை உள்ளபோது தம் உயிரைப் பணயம் வைப்பது அவர்தம் தொழிலறம். அந்நம்பிக்கை அற்றபின் மற்றோர் உயிரை நெருப்புக்கு ஈயாமல் நிறுத்துவதும் அதே அறமாகும். முன்னதை உலகம் எளிதிற் போற்றும். பின்னதைச் செய்பவர், தடுக்கப்பட்ட தோழரின் சினத்தையும் தம் மனத்தின் வேதனையையும் ஒருங்கே தாங்குதல் வேண்டும். அன்று படிவாயிலில் நின்றவர் தாங்கியது அச்சுமையே. அவ்வாறு அவர் தாங்கியதனாலேயே பலர் தத்தம் வீடு திரும்பினர்.