சுமை இறக்க ஒரு கல்

பழைய பாதைகளின் ஓரத்தில் சில ஊர்களில் இன்னும் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். உயரத்தில்தான் சூட்சுமம். தலைச்சுமையைக் குனியாமல் அப்படியே அதன்மேல் தள்ளிவிடலாம். திரும்ப ஏற்றும்போதும் ‘ஒரு கை குடுங்க’ என்று யாரையும் கூப்பிட வேண்டாம்.

இவற்றில் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைத்தவை. அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கினால் அவள் ஆன்மா ஆறும் என்பது நம்பிக்கை. நான் அந்த வீட்டாரையே நினைத்துக்கொள்கிறேன். எதுவும் செய்ய வழியில்லாத துக்கம் அது. சந்தைக்குப் போகிற யாரோ ஒருவர் கூடையை இறக்கி மூச்சு வாங்குவதைப் பார்க்கும்போது, பெற்றவர்களுக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிறருக்கு இரங்குவதால் நமக்கு என்ன என்று கேட்பவரிடம் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

இதே இரக்கத்தில் இன்னொரு கல், ஆவுரிஞ்சி கல்: மேய்ச்சல் வழியில், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்டது. மாட்டுக்கு வாயில்லை. அதன் தினவு யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் சோறு. பசித்தவர் தன் பசிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சோற்றுக்கு நிகராக, இப்படிக் கேட்காமல் இருப்பதையும் மதிக்கிறேன்.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் உளவியலாளர் எலிசபெத் டன்னும் மற்ற இருவரும் எழுதிய கட்டுரை. கனடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 46 பேரிடம் காலையில் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20. மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். ஒரு பகுதியினர் தமக்காக, மற்றவர்கள் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது, பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5, 20 என்ற வித்தியாசம் எடுபடவில்லை. சின்னச் சோதனைதான். ஆனால் அன்னதானத்துக்கு ஒரு படி அரிசி கொண்டுவரும் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வியப்பிராது.

சுமை தலையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீடு திரும்பினார்கள். 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்டூல் இருந்தும், ஆள் வந்தால் பதறி எழுந்துவிடுகிறார்கள். புடவை எடுக்கப் போகிறவர்கள், ‘நீங்க உக்காருங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளர் காதில் விழும்படியே சொல்லுங்கள்.