குளவி வேஷம்

ஆபீஸில் மூன்று பேர் பணம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "இளம்பிள்ளைதானே போறே? அப்படியே எனக்கும் ஒரு சேலை!" (அவரவர் மனைவிக்குத்தான் என்று நம்புகிறேன்.)

சேலத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால், தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பக்கத்திலேயே கஞ்சமலை. பட்டு மாதிரியே மின்னி, கையைக் கடிக்காத சேலைகளுக்குப் பேர் போன ஊர்.

தறிக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சேலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாசல் அவரைப் பந்தலிலிருந்து மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட ஒன்று வந்து, என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. பறக்கவில்லை சார், நின்றது! 'குளவி!' என்று அலறி, கையிலிருந்த பேப்பரால் ஒரே போடு. விழுந்துவிட்டது.

"அட, அது கொட்டாதுங்க தம்பி" என்று சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். இறக்கை இரண்டுதான். குளவிக்கும் தேனீக்கும் நான்கு. அப்போதுதான் உறைத்தது. சிர்பிட் ஈ! வேளாண்மை படித்த என் ரூம்மேட் ஒரு ராத்திரி முழுக்க இதைப் பற்றி அறுத்திருக்கிறான். கொடுக்கு கிடையாது. குளவி வேஷம் போட்டுப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிற அப்பிராணி. இந்த மாதிரி வேஷத்தை 1862-ல், அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து விளக்கியவர் ஹென்றி பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். பறவையிடம் பலிக்கிற வேஷம் என்னிடம் எமனாகிவிட்டது.

இதற்குள் அவர் மருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார். கொழுந்தெல்லாம் அசுவினி, கறுப்பாய் அப்பிக் கிடந்தது. நடுவே வெளிர்பச்சையாய் ஒரு புழு. "இது வேற திங்குது பாருங்க!"

"அண்ணே, அது இலையைத் தின்னாது. ஒரு நிமிஷம் பாருங்க."

கண்ணும் இல்லை, காலும் இல்லை அதற்கு. முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் தடவியது. ஒரு அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வித் தூக்கி, சாற்றை உறிஞ்சி, தோலைக் கீழே போட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. கூட்டுப்புழுவாவதற்குள் ஒரு புழு இப்படி நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடுமாம். தாய் ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. ஆனால் முட்டையிட அசுவினிக் கூட்டத்தைத் தேடி வரும். பந்தியிலேயே பிள்ளையைப் பெற்றுப் போடுகிற மாதிரி!

"அந்த ஈயோட பிள்ளைதான் இது. மருந்தடிச்சா ரெண்டும் சாகும். அசுவினி ஆண் துணையே இல்லாம குட்டி போடும், சீக்கிரமே திரும்பிடும். இது திரும்பணும்னா ஈ வரணும்" என்றேன்.

நான் அடித்தது இதன் அம்மாவாகவே இருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பம்பைக் கீழே வைத்தார். "சரி, நாலு நாள் பார்க்கறேன். காய் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

அந்தத் தெம்பில், சேலைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னேன்.

"அது வேற கணக்குங்க தம்பி" என்றார்.