கியர்பொக்ஸ் மாறிய பிறகு வரும் வேலை

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் போகும் வீதியோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கராஜில் அந்தக் கேடிஎச் வான் நின்றது. காலையில் பேசாலைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுவது, மற்ற நேரத்தில் மடுவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஹயர் ஓடுவது அதன் வேலை. ஓட்டோ கியர்பொக்ஸ் பழுதானதும், வெட்டி விற்கப்பட்ட வேறொரு வானின் மனுவல் கியர்பொக்ஸை வாங்கிப் பூட்டியிருந்தார்கள். கிளச் பெடல் வந்தது, புதிய லீவர் வந்தது, வானும் ஓடியது. அதற்குப் பிறகுதான் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. திறப்பைத் திருப்பினால் சில நேரம் ஸ்டார்ட்டர் சுற்றியது, சில நேரம் சத்தமே இல்லை. ரிவேர்ஸ் லைட் எரியவில்லை. வேகமானி முள் எழும்பவில்லை. மீற்றரில் ஓ.டி. ஓஃப் (ஓவர்டிரைவ்) விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் மோசமானது, நாட்கள் போகப்போக கியர் மாற்றுவதே பாரமாகிவிட்டது.

இப்படிக் கியர்பொக்ஸ் மாற்றும் வேலை இங்கே ஏன் பெருகியது என்பதற்குக் காரணம் மன்னார்த் தீவுக்கு வெளியே இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வண்டிகள்தான் ஓட வேண்டியிருந்தது. கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையைப் பேசாலையில் பள்ளி வான் ஓட்டுபவர் நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் பழைய வானுக்குப் புது உயிர் கொடுக்கிறார்கள். ஓட்டோ கியரைத் திருத்த ஆளும் பாகமும் அரிது. மனுவல் கியர் மலிவு, யாரும் திருத்தலாம். கணக்கு நியாயமானதுதான். அந்தக் கணக்கில் வயரிங் வேலை மட்டும் சேர்க்கப்படுவதில்லை.

கராஜை நடத்துபவர் பேசாலைக்காரர். சின்ன வயதில் மீன்பிடிப் படகு எஞ்சின்களோடு பழகியவர். அடம்பன் பக்கம் இருந்த மாமனாரிடம் வாகன வேலை கற்றார். அது 1990களின் பொருளாதாரத் தடைக்காலம். பற்றரியும் எரிபொருளும் வன்னிக்குள் வராத நாட்களில், சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறையின் கடைசி மாணவர்களில் ஒருவர். இரும்பு வேலை அவருக்குக் கைவந்த கலை. மின்சாரம் என்றால் எருக்கலம்பிட்டியிலிருந்து, நானா என்று அவர் கூப்பிடும் வயரிங்காரரை அழைப்பார்.

நானாவின் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போனது. அவர் அப்போது சிறுவன். புத்தளத்தில் ஒரு வயரிங் பாஸிடம் டெஸ்ட் லைட் பிடிக்கப் பழகி, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். இன்று தீவில் கேடிஎச், நோவா போன்ற வண்டிகளின் கணினிப் பெட்டியைப் பயமில்லாமல் திறக்கக்கூடிய வெகுசிலரில் ஒருவர். ஒரே வாகனத்தின் கீழே அந்த இருவரும் படுத்திருந்து, "நானா, அந்த லைட்டைக் கொஞ்சம் திருப்புங்க" என்றும் "தம்பி, அந்த நட்டை இப்ப இறுக்காதீங்க" என்றும் பேசிக்கொண்டதைப் பார்த்தபோது, இந்த வீதி முப்பத்தைந்து ஆண்டுகளில் கண்டவற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் கியர் பாரத்தை எடுத்துக்கொண்டார்கள். கராஜ்காரர் கிளச் பிளேட்டைச் சந்தேகப்பட்டார். "கிளச் பிளேட் புதுசு நானா, எண்ணெயும் சரி. பிறகென்ன இறுக்கம்?" நானா பதில் சொல்லவில்லை. கராஜ் பையனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, லீவரிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் கேபிளைப் புறங்கையால் தொட்டார். "நீங்களும் தொட்டுப் பாருங்க தம்பி. சுடுது."

அதற்கான விளக்கம் எளிமையானது, ஆனால் தேடத் தெரிய வேண்டும். டீசல் எஞ்சினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. போன மின்சாரம் எஞ்சின் உடலிலிருந்து பற்றரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்காக எஞ்சினையும் வண்டி உடலையும் இணைக்கும் தடித்த ஏர்த் வயர் ஒன்று உண்டு. இந்த வானில் அது பழைய கியர்பொக்ஸின் தலைப்பகுதியில் போல்ட்டால் பூட்டப்பட்டிருந்தது. பெட்டியைக் கழற்றும்போது அதையும் கழற்றினார்கள். புதுப் பெட்டியில் பெயின்ட்டுக்கும் கறளுக்கும் மேலே வைத்து இறுக்கிவிட்டார்கள். நேர் வழி அடைபட்டதும் மின்சாரம் கியர் கேபிளின் இரும்புக் கம்பி வழியாக வீடு திரும்பியது. கம்பி சூடேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை உள்ளே இளகி ஒட்டிக்கொண்டது. கியர் இறுகியது அதனால்தான். கிளச்சுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

நானா அதை ஊகமாக விடவில்லை. வோல்ட் மீற்றரின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மற்றதைப் பற்றரி நெகட்டிவிலும் வைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு மின்னும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, பல் வாசர் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். எண் இறங்கியது. கேபிளை மாற்ற வேண்டியதாயிற்று. ஏர்த்தைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அப்படியே போயிருக்கும்.

இந்தத் தீவில் ஏர்த் முனைகளுக்கு ஆயுள் குறைவு. சோளகக் காற்று வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் ஓயாது வீசும். தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகளையும் சுழற்றும் அதே காற்று உப்பையும் நுண்மணலையும் கொண்டுவந்து ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் தள்ளுகிறது. செம்பு வயர் பச்சைக் களிம்பு பிடித்து உறைக்குள் நெடுந்தூரம் கறுத்துப்போகிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கண்டியில் ஆண்டுக்கணக்கில் தாங்கலாம். மன்னாரில் ஒரு சோளகம் தாங்காது.

ஸ்டார்ட்டரின் கோளாறும் அப்படி ஒரு முறுக்கில்தான் இருந்தது. ஓட்டோ வாகனத்தில் லீவர் பி-யிலோ என்-னிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டர் ரிலேக்கு மின்சாரம் விடும் ஒரு சுவிச் கியர்பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். பெட்டியோடு அந்தச் சுவிச்சும் போய்விட்டதால், இரண்டு வயர்களையும் யாரோ சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள். அது களிம்பு பிடித்தபோது ஸ்டார்ட்டர் மௌனமானது, தற்செயலாகத் தொட்டுக்கொண்டபோது சுற்றியது.

முறுக்கைச் சுத்தம் செய்து சோல்டர் பிடித்தால் போதும் என்றார் வான் சொந்தக்காரர். நானா மறுத்தார். "கியரில நிக்கிற வானில ஒரு பிள்ளை திறப்பைத் திருப்பினா என்னாகும் ஐயா? நீங்க பள்ளிப் பிள்ளைகளை ஏத்திறீங்க." கிளச் பெடலின் அடியில் ஒரு சுவிச் பூட்டி, அந்த இரண்டு வயர்களையும் அதன் வழியாகக் கொண்டுபோனார். இனி கிளச்சை முழுதாக மிதித்தால்தான் வான் ஸ்டார்ட் ஆகும். இந்தப் பிடிவாதத்துக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் நான் அங்கே பார்த்ததில் மிகவும் மதித்தது இதைத்தான்.

ரிவேர்ஸ் லைட் விரைவில் முடிந்தது. பழைய கப்ளரில் அதற்கான இரண்டு வயர்களும் இருந்தன. மனுவல் பெட்டியில் தனி ரிவேர்ஸ் சுவிச்சும் இருந்தது. இணைக்க ஆள் இல்லாமல் கிடந்தது, அவ்வளவே. இரவில் கழுதைகள் வீதியிலேயே படுத்துறங்கும் ஊரில் அந்த விளக்கு அலங்காரம் அல்ல.

சிமிட்டும் ஓ.டி. ஓஃப் விளக்குத்தான் கடினமானது. எஞ்சின் கணினி இன்னும் ஓட்டோ கியருக்கே உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கியர் மாற்றும் சொலனொயிட்கள் இல்லாததால் திறந்த சுற்று என்று கண்டு, அதைப் பிழையாகச் சொல்லிச் சிமிட்டுகிறது. சிலர் அந்த வயர்களில் ரெசிஸ்டரை மாட்டிக் கணினியை ஏமாற்றுவார்கள். சொலனொயிட்டின் தடை 11 முதல் 15 ஓம். 12 ஓம் ரெசிஸ்டரில் 12 வோல்ட் விழுந்தால் 1 அம்பியர் ஓடி 12 வாட் வெப்பம் எழும்பும். எஞ்சின் ஓடும்போது இன்னும் கூடும். கடையில் கிடைக்கும் சின்ன ரெசிஸ்டர் டாஷ்போர்ட்டுக்குள் தீய்ந்துபோகும். அப்படிக் கருகிய ஒரு வயர்க் கட்டை நானா பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பழகவரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாராம். சரியான தீர்வு, அதே எஞ்சினின் மனுவல் கணினியை எடுத்து, திறப்பின் பூட்டுக் குறியீட்டையும் இன்ஜெக்டர்களின் திருத்த எண்களையும் அதில் பதிப்பது. வெட்டிய வண்டியிலிருந்து கியர்பொக்ஸை வாங்கும்போதே அந்தக் கணினியையும் கிளச் சுவிச்சையும் வயர்க் கட்டையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அப்போது யாரும் நானாவைக் கேட்கவில்லை.

என் மனத்தாங்கல் அங்கேதான். கியர்பொக்ஸ் இறக்குவதைப் பெரிய வேலையாகவும் வயரிங்கை ஒட்டுவேலையாகவும் பார்க்கிறோம். பில்லில் கிளச் பிளேட்டுக்கு ஒரு வரி, எண்ணெய்க்கு ஒரு வரி இருக்கிறது. இரண்டு பொழுது வண்டிக்கடியில் கிடந்து ஒரு ஏர்த் போல்ட்டைக் கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. கண்டுபிடித்த பிறகு அது சின்ன வேலையாகத் தெரிவதால் கூலியும் சின்னதாகிறது. இந்தக் கூலியைப் பார்த்து எந்தப் பையன் இதைப் பழக வருவான்?

வேகமானி இன்னும் பாக்கி. ஜப்பானிய வாகனங்களில் வேகமானிக்கான சுழற்சி கிலோமீற்றருக்கு 637 சுற்று என்ற கணக்கில் அமையும். கியர்பொக்ஸில் செருகும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை பின் அச்சுக்குப் பொருந்தாவிட்டால் முள் பொய் சொல்லும். சரியான பற்சக்கரத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

நான் புறப்படும்போது கராஜ்காரர் அடுத்த வேலையைப் பேசிக்கொண்டிருந்தார். அதுவும் ஓட்டோ கியர் போன ஒரு நோவா. "இந்த முறை ஒரு போல்ட்டும் கழற்ற முதல் நானா வரவேணும்" என்றார். நானா பையனை மாஸ்கிங் டேப்பும் பேனையும் வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொரு கப்ளரும் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிய பிறகே பெட்டியில் கை வைக்கலாமாம்.